உப்பளத்தில் ஒரு மாணவர் கேமரா: ஆவண ஒளிப்படமும் படக்குறிப்பின் பொறுப்பும் (மரக்காணம் கடற்கரையை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

கல்லூரி மாணவர்களின் தனித்திட்டப் பணியாக ஆவண ஒளிப்படத் தொகுப்புகள் பெருகி வருகின்றன. ஓர் ஒளிப்படம் எந்த நிலையில் ஆவணம் என்னும் தகுதியைப் பெறுகிறது என்பதை மரக்காணம் உப்பளப் பகுதியைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. படச்சட்டத்துக்கு வெளியே உள்ள காலம், இடம், இசைவு, படக்குறிப்பு ஆகியவையே அத்தகுதியை அளிக்கின்றன என்பது இக்கட்டுரையின் கருத்து. ஒளிப்படக் கலைஞர் ம. பழனி குமாரின் தொடக்ககாலப் பணி இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஆவண ஒளிப்படம், உப்பளம், மரக்காணம், பிரம்மதேசம், படக்குறிப்பு, இசைவு

முன்னுரை

காட்சித் தொடர்பியல், இதழியல் ஆகிய துறைகளில் இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு தனித்திட்டத்தை நிறைவு செய்ய வேண்டியுள்ளது. நாட்டார் வழக்காற்றியல், தமிழ் ஆகிய துறைகளின் களஆய்வேடுகளிலும் ஒளிப்படங்கள் பின்னிணைப்பாக இடம்பெறுகின்றன. சென்னையிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ கேமராவுடன் புறப்படும் மாணவருக்கு மரக்காணம் எளிதில் எட்டும் களம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து பார்க்கும்போதே பாத்திகளும் வெண்குவியல்களும் கண்ணில் படும். பக்கிங்காம் கால்வாய் வந்து முடியும் இடமும், 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி ஈரநிலமும் அருகிலேயே உள்ளன.

இக்களத்திலிருந்து வரும் படங்கள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைகின்றன. விடியற்காலைச் செவ்வானம், பாத்தி நீரில் தலைகீழாக விழும் உருவம், கூடை சுமக்கும் பெண்ணின் கருநிழல், குவித்த உப்பின் கூம்பு என அவை அமையும். இவை அழகற்றவை அல்ல. ஆனால் இவற்றில் எந்தப் படம் எந்த ஆண்டுக்கு உரியது, அந்தப் பெண் யார், அன்று அவர் செய்த வேலை எது என்று பத்தாண்டுக்குப் பின் ஓர் ஆய்வாளர் வினவினால் விடை கிடைப்பதில்லை. தூத்துக்குடியிலோ வேதாரண்யத்திலோ எடுத்ததாகச் சொன்னாலும் படம் மறுப்புக் கூறாது.

ஆவணம் என்னும் சொல்

மேலைநாட்டில் இவ்வகைமைக்குரிய சொல்லை 1926இல் ஜான் கிரியர்சன் ஒரு திரைப்பட மதிப்புரையில் பயன்படுத்தினார் என்பது பாடநூல்களில் தவறாமல் இடம்பெறும் செய்தி. தமிழில் வழங்கும் 'ஆவணம்' அதைவிட மிகப் பழைய சொல். பொருளிலும் கண்டிப்பு மிக்கது. சோழர் காலக் கல்வெட்டுகளில் நில விற்பனை ஆவணம் அரசனின் ஆட்சியாண்டைச் சொல்லும். நாற்பால் எல்லையைச் சொல்லும். விற்றவர், கொண்டவர், அறிந்து கையெழுத்திட்டவர் இன்னார் என்று சொல்லும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது வழக்கில் நிற்பது அரிது.

பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணம் இதனை ஒரு வழக்காகவே நடத்திக் காட்டுகிறது. மணப்பந்தலில் சுந்தரர் பறித்துக் கிழித்தது படியோலை. மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் காட்டப்படுகிறது. அவையோர் அதனைப் படித்த அளவில் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் எழுத்தை வருவித்து ஒப்புநோக்கிய பின்னரே ஏற்கின்றனர். ஓலை உண்மை என்பதை ஓலைக்கு வெளியே இருந்த மற்றொன்றே நிறுவியது. திருவெண்ணெய்நல்லூரும் மரக்காணமும் இன்று ஒரே விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்திருப்பது தற்செயலே; எனினும் உப்பளத்தில் படமெடுக்கும் மாணவர் மனங்கொள்ளத்தக்க ஒப்புமை இது. கேமரா தருவது ஓலையை மட்டுமே. ஆட்சியாண்டையும் எல்லையையும் சாட்சியையும் எடுப்பவரே சேர்க்க வேண்டும்.

அண்மையிலிருந்து தொடங்கிய ஒருவர்

தமிழகத்தில் மாணவப் பருவத்தின் தனிமுயற்சி ஆவணப் பணியாக முதிர்ந்தமைக்கு ம. பழனி குமார் தக்க எடுத்துக்காட்டு. மதுரை மாவட்டத்து ஜவஹர்லால்புரத்தைச் சேர்ந்த அவர் பொறியியல் படித்தவர். 2013இல் தம் முதல் கேமராவை வாங்கினார். அவருடைய தாய் மீன் விற்பவர். அத்தாயின் உழைப்பை அவர் பல ஆண்டுகள் தொடர்ந்து படமாக்கினார். பின்னர் திவ்யபாரதி இயக்கி 2017இல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். மன்னார் வளைகுடாப் பகுதியில் கடற்பாசி எடுக்கும் பெண்களையும் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரையும் அவர் எடுத்த படங்கள் பாரி எனப்படும் இந்திய ஊரக மக்கள் ஆவணக் காப்பகத்தில் வெளிவந்தன. 2022இல் தயாநிதா சிங் – பாரி ஆவண ஒளிப்பட விருதினை முதன்முதலாகப் பெற்றவர் அவரே. உழைக்கும் குடும்பப் பிள்ளைகளுக்கு ஒளிப்படப் பயிற்சியும் அளித்து வருகிறார்.

இவ்வரலாற்றில் விருதைவிட முதன்மையானது முதல் படப்பொருள். மாணவர்க்கு வழங்கப்படும் வழக்கமான அறிவுரை, 'புதிய இடத்துக்குச் செல். புதிய கண்ணோடு பார்' என்பது. பழனி குமாரின் தொடக்கம் அதற்கு நேர்மாறானது. தாய் எத்தனை மணிக்கு எழுவார், எந்தச் சந்தையில் எடுப்பார், எந்தத் தெருவில் விற்பார், கடன் எங்கே உள்ளது என்பவை கேமரா வருமுன்பே அவருக்குத் தெரிந்தவை. அயலார் ஒருவர் பல மாதங்கள் தங்கியிருந்து பெற வேண்டிய அறிவு அவருக்குத் தொடக்கத்திலேயே வாய்த்திருந்தது.

1990களில் சீனத்தின் யுனான் மாநிலத்தில் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் ஆகியோர் கிராமப் பெண்களிடமே கேமராவைக் கொடுத்து உருவாக்கிய 'போட்டோவாய்ஸ்' என்னும் ஆய்வுமுறையும் இவ்வடிப்படையில் அமைந்ததே. படம்பிடிக்கப்படுவோர் படம்பிடிப்போராக மாறும்போது எது படமாகத் தக்கது என்னும் தேர்வே மாறிவிடுகிறது. அண்மைக்கும் ஒரு குறை உண்டு. நாள்தோறும் காண்பது கண்ணுக்குத் தெரியாமல் போகும். உப்பளத்துக்கு நாள்தோறும் ஆள் செல்லும் வீட்டில் வளர்ந்த மாணவர், வெடித்த குதிகாலைச் சொல்லத்தக்க செய்தியாகக் கருதாமலே விட்டுவிடக்கூடும். வகுப்பில் ஆசிரியரின் வினாவுக்கு இடமிருப்பது இங்கேதான்.

உப்பளத்தின் ஒளியும் பருவமும்

உப்பளத்தில் கருநிழல் உருவங்கள் பெருகுவதற்குக் கலைநோக்கு மட்டுமே காரணமன்று. கருவியும் ஒரு காரணம். கேமராவின் ஒளிமானி தன்முன் உள்ள காட்சியை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கணக்கிடும் இயல்புடையது. சட்டகம் முழுதும் வெள்ளுப்பு நிறைந்திருந்தால், ஒளி மிகுதி என்று கருதி எக்ஸ்போஷரைக் குறைத்துவிடும். விளைவாக உப்பு மங்கிச் சாம்பலாகும். ஏற்கெனவே வெயிலில் கருத்த முகம் முற்றும் இருண்டுவிடும். தானியங்கி முறையில் எடுக்கும் மாணவர் முகத்தை இழப்பது தம் முடிவால் அன்று; இயந்திரத்தின் முடிவால்.

எக்ஸ்போஷரை ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் உயர்த்தினாலோ, முகத்தின் மேல் புள்ளி அளவீடு செய்தாலோ நிலை மாறும். உப்புத் தரையே கீழிருந்து ஒளியை எதிரொளித்து முகத்தை விளக்குவதைக் காணலாம். தொழிலாளியின் கண்ணைக் கூசச் செய்யும் அதே ஒளிதான் அது. அவர் கண்ணைச் சுருக்கியே பார்ப்பது படத்தில் தெரியும். கருநிழல் படத்தில் அது தெரிவதில்லை. ஒருவரது அடையாளத்தைக் காக்கக் கருநிழலைத் தெரிந்தே தேர்வது வேறு. அதனைப் பின்னர்க் காண்போம்.

ஒளியைவிடக் கடினமானது காலம். மரக்காணத்தில் 3,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் உப்பு விளைகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், ஏறத்தாழ சனவரியில், வேலை தொடங்கும். மழையில் கரைந்த வரப்புகளைச் சீராக்கி, பாத்தியின் அடித்தரையை மிதித்து இறுக்குவது முதற்பணி. தரை இறுகாவிட்டால் உப்போடு சேறும் வாரி வரும். பின்னர் உப்புநீர் ஒரு பாத்தியிலிருந்து மற்றொரு பாத்திக்கு மாற்றப்பட்டு வெயிலில் செறிவடைகிறது. பாமே மானியில் ஏறத்தாழ 3 பாகை காட்டும் கடல்நீர் 25 பாகையை எட்டும்போது சமையலுப்பு படிகமாகத் தொடங்கும். 30 பாகையை நெருங்கினால் மக்னீசிய உப்புகள் கலந்து கசப்பேறும் என்பதால் எஞ்சிய நீரை வெளியேற்றுவர். நீண்ட கைப்பிடியுள்ள பலகையால் உப்பை வாரி வரப்பில் சேர்ப்பதும், அங்கிருந்து சுமந்து சென்று குவிப்பதும் இதன் பின்னரே நிகழும். வெப்பம் ஏறுமுன் முடிக்க வேண்டியிருப்பதால் வேலை பொழுது புலருமுன்பே தொடங்கிவிடுகிறது.

இவற்றில் ஒளிப்படங்களில் மீண்டும் மீண்டும் வருவன இறுதி இரு பணிகளே. தரையை மிதிப்பது கண்ணுக்கு அழகாக இராது. கால்கள் சேற்றில் ஒரே இடத்தில் ஏறி இறங்கும். செறிவடையும் நீரோ வெறும் நீராகவே தோன்றும். ஆனால் உப்பளத் தொழிலின் திறன் பெரிதும் அடங்கியிருப்பது இவ்விடங்களில்தான். சங்க இலக்கியத்திலும் ஏறக்குறைய இந்நிலையைக் காணலாம். உப்பை ஏற்றிச் செல்லும் உமணரின் வண்டித்தொடர் பரவலாகக் காட்சிப்படும் அளவுக்கு, அதனை விளைவித்தவரின் பணி விரித்துரைக்கப்படவில்லை. தூத்துக்குடி உப்பளங்களில் நேரில் செய்திகளைத் திரட்டி ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'கரிப்பு மணிகள்' (1979) நாவல் பாத்தியின் உட்புறத்துக்கு வாசகரை அழைத்துச் சென்றது. கேமரா கொண்டு செல்லும் மாணவர் அந்நாவலை முன்னரே படித்திருத்தல் பயன்தரும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாத்திகள் மழைநீரில் மூழ்கிக் கிடக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இக்கடற்கரை முழுவதும் வெள்ளக்காடாயிற்று. வேலையற்ற இம்மாதங்களுக்காகத் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. அரசே கணக்கில் கொண்ட இம்மாதங்கள் ஒளிப்படத் தொகுப்புகளில் இடம்பெறாதது வியப்புக்குரியது. ஒரு பருவகாலத்துக்குள் திட்டத்தை ஒப்படைக்க வேண்டும் என்னும் பாடத்திட்ட விதி இதற்கு ஒரு காரணம். டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடியும் திட்டம் உப்பு விளையும் காலத்தையே பெரிதும் காணும். பிழைப்பு நின்றுபோகும் காலத்தின் வாலைத்தான் எட்டும். ஓராண்டுத் திட்டமாக இதனை வகுக்கும் துறைக்கு முழுச் சுழற்சியும் கிடைக்கும்.

ஊர்ப்பெயரும் படக்குறிப்பும்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் பிரம்மதேசம் என்னும் ஊர் உள்ளது. உப்பளத் திட்டத்தை இவ்வூரிலிருந்து ஒரு மாணவர் மேற்கொள்வதாகக் கொண்டால், படக்குறிப்பின் முதற்சொல்லிலேயே இடர் எழும். பிரம்மதேயமாக வழங்கப்பட்ட ஊர்கள் பல இருந்தமையால் தமிழகத்தில் பிரம்மதேசங்களும் பல. இதே விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரத்துக்கு அருகே சோழர் காலக் கோயில்களுடன் ஒரு பிரம்மதேசம் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்தில், செய்யாறு பகுதியில் முதலாம் இராசேந்திரனின் மறைவோடு தொடர்புடைய கல்வெட்டைக் கொண்ட பிரம்மதேசம் உண்டு. திருநெல்வேலி மாவட்டத்தில் அம்பாசமுத்திரத்துக்கு அருகிலும் ஒன்று உண்டு. 'பிரம்மதேசம், 2025' என்று மட்டும் எழுதப்பட்ட படத்தைப் பிற்கால ஆய்வாளர் கோயிற்கலைக் கோப்பில் சேர்த்துவிட்டால் குறை அவருடையதன்று. கல்வெட்டு நாற்பால் எல்லையைச் சொன்னதன் காரணம் இப்போது விளங்கும். ஊர், வட்டம், மாவட்டம், அடுத்துள்ள நீர்நிலை அல்லது சாலை என்பவற்றைத் தருவதே ஒளிப்படத்தின் எல்லை வரையறை.

படக்குறிப்பு எவ்வாறு அமையலாம் என்பதற்கு ஒரு கற்பனை மாதிரியைக் காட்டலாம். 'உப்பில் கரையும் வாழ்க்கை' என்பது தலைப்பாகலாம், குறிப்பாகாது. 'மரக்காணம் உப்பளம், விழுப்புரம் மாவட்டம். சனவரி மூன்றாம் வாரம், காலை 6.10, மழைக்குப்பின் பாத்தியின் தரையை மிதித்து இறுக்கும் பெண்கள் இருவர், இடப்புறம் நிற்பவர் பிரம்மதேசம் பகுதியிலிருந்து நாள்தோறும் வருபவர், பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டார், குறிப்பு அவரிடம் படித்துக் காட்டப்பட்டது' என்பது குறிப்பு. இதில் இரக்கத்தைத் தூண்டும் சொல் ஒன்றும் இல்லை. பெயர் இல்லாமையும் ஒரு செய்தியாகப் பதிவாகியிருக்கிறது.

கழுவேலிக்கு வரும் வலசைப் பறவையின் பெயரையும், அது எந்நாளில் எவ்விடத்தில் காணப்பட்டது என்பதையும் பறவை ஆர்வலர்கள் பிழையின்றிக் குறித்து வைக்கின்றனர். அதே சட்டகத்தின் பின்புலத்தில் நிற்கும் மனிதர் 'உப்பளத் தொழிலாளி' என்னும் பொதுப்பெயரோடு நின்றுவிடுவது உறுத்தலான முரண்.

இசைவும் மறுப்பும்

சென்னை மாகாணத்தில் 1876–78 காலத்தில் நிகழ்ந்த பெரும்பஞ்சத்தைப் படமெடுத்தவர் படை அதிகாரியான வில்லோபி வாலஸ் ஹூப்பர். எலும்புந்தோலுமாய் நின்றவர்களைக் கூட்டமாக அமரவைத்தும் நிற்கவைத்தும் அவர் எடுத்த படங்கள் இன்றும் பஞ்ச வரலாற்று நூல்களில் இடம்பெறுகின்றன. படமெடுத்தபின் அவர்களுக்கு உதவாமல் விட்டார் என்னும் குற்றச்சாட்டும் அவரைத் தொடர்ந்தே வருகிறது. பஞ்சத்தின் கொடுமைக்கு அப்படங்கள் சான்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதில் உள்ளோர் பெயரற்றவர்; தம்மை என்ன செய்கிறார்கள் என்று அவர்கள் அறிந்திருந்தார்களா என்பதும் தெரியாது.

டோரோதியா லாங்கே 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிபோமோவில் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' படமும் பெயரின்றியே உலகெங்கும் பரவியது. அப்பெண் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978இல்தான் வெளிப்பட்டது. அப்படத்தால் தமக்கு ஒரு பயனும் இல்லை என்று அவர் கசப்போடு பேசினார். ஜப்பானின் மினமாட்டாவில் பாதரச நஞ்சினால் பாதிக்கப்பட்ட மகளைத் தாய் குளிப்பாட்டும் காட்சியை 1971இல் யூஜின் ஸ்மித் எடுத்தார். குடும்பத்தின் இசைவோடு எடுக்கப்பட்ட படம் அது. மகள் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, அவள் இனி ஓய்வு கொள்ளட்டும் என்று பெற்றோர் விரும்பினர். உரிமை பெற்றிருந்த ஐலீன் ஸ்மித் 1998இல் அதன் புதிய வெளியீடுகளை நிறுத்தினார். இசைவு என்பது ஒரு நாளில் கையெழுத்து வாங்கி முடிவதன்று என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று இல்லை.

உப்பளத்தில் இவ்வினா நாட்கூலியோடு நேரடியாகப் பிணைந்தது. பாத்திக்குள் நிற்பவர் படமெடுக்க இசையலாம். ஆனால் அப்பாத்தி அவருடையதன்று. குத்தகைக்காரரின் பார்வைக்கு அப்படம் சென்றால், மறுநாள் வேலை உண்டா இல்லையா என்பதை முடிவு செய்பவர் மாணவர் அல்லர். எனவே குத்தகைக்காரரிடம் பெறும் அனுமதியைத் தொழிலாளியின் இசைவாகக் கொள்ளுதல் கூடாது. தொழிலாளியின் இசைவு ஒன்றே போதும் என்று கருதவும் இயலாது. படம் எங்கெங்கு வெளிவரும் என்பதை வீட்டில் வைத்து, வேலை நேரத்துக்கு வெளியே எடுத்துச் சொல்வது முறை. வேண்டாம் என்பவரின் கைகளையோ கருவிகளையோ எடுக்கலாம். அதற்கும் கேட்டாக வேண்டும். மேலே குறித்த கருநிழல் இவ்விடத்தில் பொருளுடையதாகிறது. மறுப்புகளையும் களக்குறிப்பேட்டில் எழுதிவைப்பது நல்லது. எத்தனை பேர் மறுத்தனர், என்ன காரணம் சொன்னார்கள் என்பது அவ்வுப்பளத்தைப் பற்றி எந்தப் படமும் சொல்லாத செய்தியைச் சொல்லும்.

படங்கள் சேருமிடம்

தமிழகத்தின் பழைய ஸ்டுடியோ ஒளிப்படங்களைத் தேடித் திரட்டி மின்னுருவாக்கும் பணியைப் பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டத்தின் துணையோடு புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் மேற்கொண்டது. குடும்பங்கள் காசு கொடுத்து எடுத்துக்கொண்ட அப்படங்களில் பலவற்றின் பின்புறத்தில் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. உடையையும் பின்திரையையும் கொண்டு காலத்தைக் கணிக்க வேண்டிய நிலை. இன்றைய மாணவர் படங்களுக்கு அந்நிலை வருவதற்கு நூறாண்டு தேவைப்படாது. டிஜிட்டல் கோப்பில் தேதியும் நேரமும் தானே பதிவாகும் என்று நம்பியிருப்போர், வாட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பும்போது அத்தரவு நீங்கிவிடுவதை அறிவதில்லை. ஆய்வேடு நூலகத்தில் இருக்கும். மூலக்கோப்பு பழுதான ஒரு வன்தட்டில் இருக்கும். படக்குறிப்பைக் கோப்பினுள்ளேயே பதிந்து, மூலக்கோப்புகளையும் களக்குறிப்பேட்டின் படியையும் துறை பெற்றுக்கொண்ட பின்னரே மதிப்பெண் வழங்குவது என்னும் ஒரு விதி இவ்விழப்பைப் பெருமளவு குறைக்கும். திட்டத்தின் மதிப்பீட்டில் படங்களுக்கு ஒதுக்கும் மதிப்பெண்ணில் ஒரு பங்கையேனும் குறிப்புகளுக்கு ஒதுக்க வேண்டும்.

மற்றொரு படி உப்பளத்து வீடுகளுக்குச் செல்ல வேண்டியது. அச்சிட்ட படத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, 'இது எங்கள் பாத்தி அன்று. அன்றைக்கு அடுத்த பாத்தியில் ஆள் குறைவென்று அழைத்திருந்தார்கள்' என்பது போன்ற ஒரு திருத்தம் வரக்கூடும். அத்திருத்தம், சொல்லப்பட்ட நாளோடு, படக்குறிப்பின் கீழ் அடுத்த வரியாகச் சேர்க்கப்பட வேண்டும்.